கறுப்புத் திரைக்குக் காவல்

தனிஸ்லாஸ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். உலகத்தில் யார் எதை இழந்தாலும் இழக்கட்டும். மத்தியானத் தூக்கத்தை அவன் இனிமேல் இழப்பதாக இல்லை.

புதுச்சேரியில் பிறந்தவர்களுக்குத்தான் இந்த முடிவின் கனம் தெரியும். மணி ஒன்று ஆனால் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கும். நாலு மணிக்குத்தான் மறுபடி ஏறும். நடுவில் உள்ள மூன்று மணி நேரம் யார் கணக்கிலும் சேராது. கடல் காற்று மெதுவாகத் தெருவுக்குள் வந்து, மாடியில் காயப்போட்ட புடவையை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் நெல்லித்தோப்பு வழியாகப் போகிற ஸ்கூட்டர்கூட, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகிற மாதிரிதான் போகும்.

தனிஸ்லாஸ் அந்த மூன்று மணி நேரத்தில் தூங்கிய தூக்கம் சாதாரணத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் படகுகள் தென்னைமர உயரத்தில் மிதந்து வரும். அதில் ஒன்றில் அவன் படுத்திருப்பான். கலங்கரை விளக்கம் குனிந்து, "எங்க போகணும்?" என்று மரியாதையாகக் கேட்கும். "எங்கயும் வேணாம்" என்பான். "சரி" என்று அது நிமிர்ந்துகொள்ளும்.

அதெல்லாம் மெரின் நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

மெரின் அவனுடைய ஒன்றேகால் வயது மகள். பகலில் தூங்குவது என்பது தன் வேலையில்லை என்று முடிவு செய்தவள். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அவள் பின்னால் ஓடுவது லினெட், அவன் மனைவி. சரியாக ஒரு மணிக்கு, தனிஸ்லாஸ் முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, நடுக்கதவைத் திறந்து வீட்டுக்குள் காலெடுத்து வைப்பான். லினெட் குழந்தையை அவன் கையில் வைப்பாள்.

"பிடிங்க. கொஞ்சம் தலைய சாய்க்கிறேன்."

"நான் மட்டும் காலையிலேர்ந்து சாஞ்சிக்கிட்டா இருந்தேன்?"

"நீங்க கழட்டுன ஸ்க்ரூ எழுந்து ஓடுமா? இவ ஓடுவா."

அந்த வீட்டில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் தூங்க முடியும். இன்னொருத்தர் மெரினுக்குச் சொந்தம். இரண்டு மாதமாக அந்த இன்னொருத்தர் தனிஸ்லாஸ்தான்.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"கடையில ஒரு அவசர வேலை லினெட். மத்தியானமும் உக்காந்தாத்தான் முடியும்."

"செய்யுங்க" என்றாள் லினெட்.

அவ்வளவுதான். அவள் அதிகம் பேசுகிறவளில்லை. கடைக்கு ஆள் வந்தால் நடுக்கதவுக்குப் பின்னால் பாதி நின்றுதான் பதில் சொல்வாள். பேசாத பெண்டாட்டியை ஏமாற்றுவது சுலபம் என்று தனிஸ்லாஸ் நம்பினான். அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்தான். நாற்காலியைப் பின்னால் சாய்த்தான். படகு ஒன்று அப்போதுதான் ஓட்டுக்கூரைக்கு மேலே தலை காட்டியது.

"என்னாங்க, மலை தெரியுது."

"ம்?"

"கம்ப்யூட்டர்ல. மலை, ஏரி, ஏரிக்கு நடுவுல மணி ஒண்ணு நாப்பது. இதுதான் அவசர வேலையா?"

"அது வந்து... கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னா விண்டோஸ் அப்படித்தான் மலைய காட்டும்."

"நீங்க ஏன் தொடல?"

மெரின் கைமாறினாள்.

மறுநாள் அவன் முன்னேற்பாட்டோடு உட்கார்ந்தான். மலை வராதபடி செய்தான். விண்டோஸுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதில் படம் கிடையாது, பொம்மை கிடையாது. எழுத்தால் கட்டளை கொடுத்தால் எழுத்தாலேயே பதில் வரும். அதைத் திறந்தான். 'பிங்' என்று ஒரு கட்டளை. இந்தக் கம்ப்யூட்டர் இன்னொரு பெட்டியைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்கும். அது "இருக்கேன்" என்று சொல்லும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வரி ஓடும். அதே மேசைமேல் ஒரு சாண் தள்ளி இருந்த மோடத்தைக் கேட்கச் சொன்னான். வரி ஓடியது. பார்க்கிறவர்களுக்கு ராக்கெட் விடுகிற மாதிரி இருந்தது. நிம்மதியாகச் சாய்ந்தான்.

"என்னாங்க, நாலு வரி வந்து நின்னுபோச்சு."

விண்டோஸ் நாலு தரம்தான் கேட்குமாம். மெரின் கைமாறினாள்.

மூன்றாம் நாள், பிங்குக்குப் பின்னால் ஒரு கோடும் ஒரு 'டி'யும் வால் மாதிரி ஒட்டினால் நிற்காமல் ஓடும் என்று கண்டுபிடித்தான். ஓடியது. ஒரு மணி நேரம் ஓடியது. கலங்கரை விளக்கம் குனிந்து வாய் திறக்கும்போது லினெட்டின் குரல் கேட்டது.

"என்னாங்க, திரை நீலமாயிடுச்சி. புள்ளி புள்ளியா சுத்துது."

"அப்டேட்டு. அதுவே செஞ்சிக்கிது."

"அதுவே செஞ்சிக்கிதுன்னா நீங்க எதுக்கு எதிர்ல உக்காந்திருக்கீங்க?"

கைமாறும்போது மெரின் சிரித்த சிரிப்பு தனிஸ்லாஸுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் கூட்டாளி ஜோசப் ஆனந்த் வந்தான். காலாப்பட்டில் ஒரு காலேஜ் லேபில் வேலை. விண்டோஸ் என்று யாராவது சொன்னால் தும்மல் வந்தவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். தனிஸ்லாஸ் அவனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. "நான் தொடாமலே மூணு மணி நேரம் ஓடணும்டா. நடுவுல நிக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னான்.

"லினக்ஸ் போடு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? விண்டோஸ் கல்யாணப் பந்திடா. நீ உக்காந்தா போதும், எல்லாம் இலைக்கு வரும். ஆனா எப்ப எழுந்திரிக்கணும்னு பரிமாறுறவன்தான் சொல்லுவான். லினக்ஸ் உன் வீட்டு சமையக்கட்டு. நீதான் அடுப்பு பத்த வைக்கணும். நீ அணைக்காம அணையாது."

"அந்தக் கறுப்புப் பெட்டி இருக்குமா?"

"அதுதாண்டா லினக்ஸே! விண்டோஸ்ல அத கொல்லைப்புறத்துல வச்சிருக்காங்க. இங்க அதுதான் கூடம். கட்டளைங்க பேருதான் மாறும். அங்க 'டிர்'னா இங்க 'எல்எஸ்'. அங்க 'காபி', இங்க 'சிபி'. அங்க பெரிய எழுத்து சின்ன எழுத்து எதுல பேரு சொன்னாலும் திரும்பிப் பாக்கும். இங்க பேரை சரியா சொல்லணும், மரியாதை முக்கியம்."

"பிங்?"

"பிங் ரெண்டு பக்கமும் பிங்குதான். அங்க நாலு தரம் கூப்பிட்டுட்டுக் கிளம்பிடும். இங்க நீ கன்ட்ரோலும் சியும் சேத்து அழுத்துற வரைக்கும் வாசல்லயே நின்னு கூப்பிடும்."

தனிஸ்லாஸுக்குக் கண் கலங்கியது.

"அப்டேட்டு?"

"நீ கேட்டாத்தான் வரும்."

"மலை?"

"எந்த மலை?"

அன்றைக்கே கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏறியது.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு அவன் லினெட்டைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, ரொம்ப சோகமாகப் பேசினான். மேசைமேல் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அது பக்கத்துத் தெரு சொல்தா ஐயாவுடையது. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆகி வந்தவர்களை ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அவருடைய போட்டோக்களைப் பத்திரமாக வேறு இடத்துக்கு மாற்றித் தரக் கேட்டிருந்தார். அந்த வேலையை அரை மணி நேரத்தில், முந்தின நாளே, தனிஸ்லாஸ் முடித்துவிட்டிருந்தான். திரையில் இப்போது ஓடியது மோடத்தைக் கூப்பிடும் அதே பிங். இந்த இரண்டை மட்டும் சொல்லவில்லை.

"பாரு லினெட். நாப்பது வருஷத்து போட்டோ. இங்க நம்பர் போட்டு ஓடுற ஒவ்வொரு வரியும் ஒரு போட்டோ. ஒண்ணு முதல் மூணு மணி நேரம் இது நிக்காம ஓடணும். கண்ணு எடுக்காம ஒருத்தர் பாக்கணும். கதவு சாத்தியே இருக்கணும். பக்கத்துல பேச்சு சத்தம்கூட ஆகாது. நின்னுச்சின்னா அத்தனையும் போச்சு."

"மாதாவே" என்றாள் லினெட். "விண்டோஸ்ல செய்ய முடியாதா?"

"அது நாலோட நின்னுடும். பாத்தியே."

"இது எப்ப நிக்கும்?"

"கன்ட்ரோலும் சியும் அழுத்தினாத்தான்."

"நாளைக்குத் திரும்பவும் மொதல்லேர்ந்து எல்லாத்தையும் அடிக்கணுமா?"

"தேவையே இல்ல." தனிஸ்லாஸுக்குப் பெருமை பொங்கியது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தால் அவனுக்கு வாய் நிற்காது. "விண்டோஸ்ல கறுப்புப் பெட்டிய மூடினா அடிச்சதெல்லாம் மறந்துடும். இது அப்படி இல்ல. மேல் பக்கம் பாக்குற அம்பு இருக்குதே, அத ஒரு தட்டு தட்டினா நேத்து கடைசியா போட்டது வந்து நிக்கும். அப்புறம் என்டர். அவ்ளோதான்."

"அவ்ளோதானா" என்று லினெட் தலையாட்டினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

என்ன தூக்கம் அது! படகுகள் எல்லாம் திரும்பி வந்தன. குருசுக்குப்பத்துக் கரையில் அவன் படுத்திருந்தான். அலைகள் ஒவ்வொன்றாக வந்து காலைத் தொட்டு, தன் நம்பரைச் சொல்லிவிட்டுப் போயின. ஆயிரத்து முந்நூறாவது அலை ரொம்பக் குட்டியாக இருந்தது. நாலாயிரமாவது அலை பன்னீர் வாசம் அடித்தது. ஒன்பதாயிரம் சொச்சத்தில் கடல் தன் கையாலேயே அவனுக்குப் போர்த்திவிட்டது.

நாலு மணிக்குக் கண் சிவந்து, தலை கலைந்து வெளியே வந்தான். லினெட் அவன் முகத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"கண்ணு இப்படி செவந்துபோச்சே!"

"பாத்துக்கிட்டே இருந்தா செவக்காதா?"

செவ்வாய்க்கிழமை அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வைத்திருந்தாள். புதன்கிழமை வெள்ளரிக்காய் நறுக்கி வைத்திருந்தாள். தனிஸ்லாஸ் இரண்டையும் ஏற்றுக்கொண்டான். வாழ்க்கையில் இவ்வளவு மரியாதை அவனுக்கு உழைத்தபோதுகூடக் கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை சோறு போடும்போது அவள் கேட்டாள்.

"ஒரு வரி ஒரு போட்டோவா?"

"ஆமா."

"நேத்து கடைசி நம்பரு பாத்தேன். பத்தாயிரத்து எழுநூறு. தெனமும் அவ்ளோன்னா, மூணு நாள்ல முப்பதாயிரம் தாண்டிடுச்சே."

"அதுக்கு?"

"இல்ல... இத்தனை போட்டோ எடுத்துக்கிட்டா, சொல்தா ஐயா எப்ப சண்டை போட்டாரு?"

தனிஸ்லாஸுக்குப் புரையேறியது. "பிரெஞ்சு பட்டாளம்னா அப்படித்தான். ரசம் ஊத்து."

அவள் ரசம் ஊற்றினாள்.

"எட்டாவது படிச்சவங்களுக்கு அந்த வரியெல்லாம் புரியுமாங்க?"

"புரிய என்னா இருக்கு? படிக்கத் தேவையில்ல. ஓடுதா, நிக்குதா, அத பாத்தா போதும். கஷ்டம் எதுலன்னா, அசையாம உக்காந்து பாக்குறதுலதான்."

"ஆமாமா. அதான் கஷ்டம்" என்றாள் லினெட்.

வெள்ளிக்கிழமை மெரின் ஒரு கரண்டியோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தனிஸ்லாஸ் கண் விழித்தபோது கீபோர்டு மேல் டமடமவென்று அடி விழுந்துகொண்டிருந்தது. ஓடுகிற வரிகளுக்கு நடுவே ஜிஜிஜி, பபப என்று மெரினின் எழுத்துகளும் சேர்ந்து ஓடின. வாசற்படியில் லினெட் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. மகளைத் தடுக்காமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிகள் தம் பாட்டுக்கு ஓடின. ஆறாயிரத்துப் பத்து, ஆறாயிரத்துப் பதினொன்று.

"ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

அவன் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தான். "ஆகல. நல்லவேளை, நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நல்லவேளை" என்றாள் அவளும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். தனிஸ்லாஸ் அரை நிமிஷம் யோசித்தான். அதற்குள் படகு வந்துவிட்டது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஜோசப் ஆனந்த் வந்தான். லினக்ஸ் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசை. தனிஸ்லாஸ் மத்தியானம் தினமும் ஓட்டுவதாகச் சொன்னதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது நடுக்கதவு கொஞ்சமாகத் திறந்தது. லினெட் பாதி தெரிந்தாள்.

"அண்ணே" என்றாள். மூன்று வருடத்தில் அவள் ஜோசப் ஆனந்திடம் வலிய வந்து பேசியது அதுதான் முதல் தடவை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? இவருக்கு கண்ணு கெட்டுக்கிட்டே வருது. தெனமும் மூணு மணி நேரம் அந்த வரிகளையே பாத்துக்கிட்டிருக்காரு. இன்னியிலேர்ந்து நான் பாக்குறேன். பொம்பளைங்க பாத்தா ஓடாதுன்னு எதுவும் இல்லையே?"

"அய்யோ, தங்கச்சி! யாரு வேணா பாக்கலாம். லினக்ஸ் எல்லாருக்கும் சொந்தம்!"

"டேய், நீ சும்மா இரு" என்றான் தனிஸ்லாஸ். "லினெட், அது உனக்குத் தெரியாது."

"படிக்கத் தேவையில்ல, ஓடுதா நிக்குதான்னு பாத்தா போதும்னு சொன்னீங்க."

"கட்டளை போடத் தெரியணுமே?"

லினெட் வந்து நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கறுப்புப் பெட்டியைத் திறந்தாள். ஒரே விரலால் மேல்நோக்கிய அம்பைத் தட்டினாள். நேற்றைய கட்டளை வந்து கைகட்டி நின்றது. என்டரைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலைத் தாண்டி ஐந்து.

"தங்கச்சி!" ஜோசப் ஆனந்த் கைதட்டினான். "எங்க லேபுல மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு அந்த அம்பு தெரியாது!" பிறகு வரிகளைக் குனிந்து பார்த்தான். "ஆமா, இது வெறும் பிங்..."

தனிஸ்லாஸ் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தான். கால் என்றும் பார்க்காமல் மிதித்தான்.

"...பிங்குன்னா பெரிய விஷயம்" என்று ஜோசப் ஆனந்த் முடித்தான்.

"அதெல்லாம் வேணாம் லினெட்" என்றான் தனிஸ்லாஸ், கடைசி ஆயுதத்தை எடுத்தபடி. "சொல்தா ஐயா போட்டோ நேத்தோட முடிஞ்சிடுச்சி. இன்னிக்கி ஓட்டவே தேவையில்ல."

"அப்படியா? அலமாரியில இன்னும் ஆறு லேப்டாப் வரிசையா இருக்குதே. அவங்க போட்டோவெல்லாம் மட்டும் போனா பரவாயில்லையா?"

அவன் ஜோசப் ஆனந்தைப் பார்த்தான். ஜோசப் ஆனந்த் கூரையைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஐந்து நாளாக இந்த நாற்காலியில் தூங்கினேன் என்று சொல்ல வேண்டும். சொட்டு மருந்துக்கும் வெள்ளரிக்காய்க்கும் பதில் சொல்ல வேண்டும்.

லினெட் எழுந்து உள்ளே போய், மெரினைத் தூக்கி வந்து அவன் கையில் வைத்தாள். ஜோசப் ஆனந்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவன் இன்னொரு நாள் என்று நழுவினான். சரியாக ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியது.

"கதவைத் திறக்காதீங்க. பேச்சு சத்தம்கூட ஆகாது" என்று மென்மையாகச் சொல்லி, அவனை வீட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு நடுக்கதவைச் சாத்தினாள். கடைப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதையே தனிஸ்லாஸ் ஐந்து நாளாகக் கவனித்ததில்லை.

அன்றைக்கு மத்தியானம் நீண்டது. மெரின் காக்கா வேண்டும் என்றாள். பக்கவாட்டுச் சந்து வழியாகத் தெருவுக்குத் தூக்கிப் போய்க் காட்டினான். காக்கா மதில்மேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நாய் வேண்டும் என்றாள். நாய் பஞ்சர் கடை வாசலில் காலை நீட்டிக் கனவு கண்டுகொண்டிருந்தது. தெரு முழுக்க மின்விசிறிச் சத்தம். ஊரே ஒரு பெரிய படகாகி மெல்ல அசைந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. அதில் விழித்திருந்தது இரண்டே பேர். ஒருத்தி அவன் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பி, நடுக்கதவில் காதை வைத்தான். உள்ளே ஃபேன் சத்தம். அதற்கடியில் இன்னொரு சத்தம். மெதுவாக, சீராக, பட்டுத்துணியை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி.

"லினெட்" என்றான். "ஓடுதா?"

பதில் இல்லை.

"லினெட்? ஓடுதா?"

ரொம்ப தூரத்திலிருந்து, தண்ணிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது. "ம்ம்... ஓடுது. பேசாதீங்க... நின்னுடும்."

அவன் மெரினைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தான். ஒன்று, இரண்டு என்று நடையை எண்ணினான். அறுநூற்றில் விட்டுவிட்டான்.

நாலு மணிக்குத் தாழ்ப்பாள் விலகியது. லினெட் வெளியே வந்தாள். ஒரு பக்கக் கன்னத்தில் கீபோர்டின் கட்டம் கட்டமான தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. அவள் முகத்தில் அசதி என்பதே இல்லை. கண்ணுக்குக் கீழே இந்த வாரம் முழுக்க இருந்த நிழலைக் காணவில்லை. கோயிலில் மோதிரம் மாற்றிய அன்று பார்த்த முகம் அது. அந்த முகம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்பதே தனிஸ்லாஸுக்கு மறந்துபோயிருந்தது. அவன் மனசு இளகிவிட்டது. சரி, எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். தொண்டையைச் செருமி வாயைத் திறந்தான்.

லினெட் கையை மேலே தூக்கி, கண்ணை மூடி, நிதானமாக ஒரு சோம்பல் முறித்தாள்.

"ரொம்ப பொறுப்பான வேலைங்க இது" என்றாள். "ஞாயித்துக்கிழமைகூட விடாம ஓட்டணும், இல்ல?"